பறக்குதா, உதறுதா?

மாமா: கழட்டிடு மாப்ள.

மெக்கானிக்: எதை மாமா?

மாமா: புல்லியைத்தான். நீ மாட்டினியே, இஞ்சின் பெல்ட்டைச் சுத்துற சக்கரம், வெயிட் இல்லாத அலுமினியப் புல்லி... அதைக் கழட்டிட்டு வண்டியோட வந்த பழைய புல்லியையே திருப்பி மாட்டிடு.

மெக்கானிக்: என்ன மாமா இது! போன ஞாயித்துக்கிழமை, இதே இடத்துல நின்னு, வண்டி பறக்குதுன்னு சொன்னீங்க.

மாமா: சொன்னேன். பறக்குது. இப்பவும் பறக்குது.

மெக்கானிக்: பறக்குறதை யாராவது கழட்டுவாங்களா?

மாமா: பறக்குது... ஆனா உதறுது.

மெக்கானிக்: உதறுதா?

மாமா: சிக்னல்ல நின்னா போதும். ஸ்டீயரிங் உதறுது, சீட் உதறுது. கண்ணாடியில பாத்தா பின்னாடி நிக்கிற பஸ் ரெண்டு பஸ்ஸா தெரியுது.

மெக்கானிக்: சேச்சே. அதெல்லாம் உதறாது.

மாமா: உதறுதுங்குறேன்!

மெக்கானிக்: உதற வாய்ப்பே இல்ல மாமா.

மாமா: அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்ற? மாட்டுறதுக்கு முன்னாடி என்னை இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சு நீதானே பாடம் எடுத்தே? பழைய புல்லிக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு, இஞ்சினோட உதறலை அது வாங்கிக்கும், இந்த அலுமினியத்துல அது கிடையாது, மாட்டினா கண்டிப்பா உதறும்னு?

மெக்கானிக்: சொன்னேன்...

மாமா: அன்னிக்கு நீ உதறும்னே, நான் உதறாதுன்னேன். இன்னிக்கு நான் உதறுதுங்குறேன், நீ உதறாதுங்குற. நாம ரெண்டு பேரும் எப்பய்யா கட்சி மாறினோம்?

மெக்கானிக்: மாமா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க இருக்கற அந்த வாட்ஸ்அப் கார் குரூப்புல யாராவது உதறுதுன்னு எழுதினாங்களா?

மாமா: ஒருத்தன் எழுதினான்.

மெக்கானிக்: பாத்தீங்களா! அதைப் படிச்சதும் உங்களுக்கும் உதறிடுச்சு. எல்லாம் மனசு.

மாமா: அவன் எழுதினதுக்கு முன்னாடியே உதறுச்சு.

மெக்கானிக்: பின்ன அப்பவே ஏன் சொல்லலை?

மாமா: பறக்குதுன்னு சொல்லிட்டேனே... அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உதறுதுன்னு சொல்றது?

மெக்கானிக்: ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல மாமா நீங்க பேசுறது.

மாமா: ஒட்டலைன்னா விடு. நாளைக்குக் காலையில உங்க அக்கா இந்த வண்டியை எடுத்துக்கிட்டு பொண்ணை ஹாஸ்டல்ல விடப் போறா. முழுக்க மலைப்பாதை. டிக்கி நிறைய பெட்டி, படுக்கை. என் மனசு உதறினா உதறிட்டுப் போகட்டும், வண்டி உதறக் கூடாது.

மெக்கானிக்: நீங்களும் கூடப் போகலையா?

மாமா: லீவ் இல்ல. இருந்தாலும் அவ கூட்டிட்டுப் போக மாட்டா. பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் இல்லாத பிரேக்கை மிதிக்கிறேனாம். தினமும் இதுல வேலைக்குப் போறவ அவ. நான் ஞாயித்துக்கிழமை டிரைவர்தானே?

மெக்கானிக்: சரி, சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. சாயங்காலம் வந்தா மாத்தி வெச்சிருப்பேன்.

மாமா: இல்ல, என் கண்ணு முன்னாடி கழட்டு.

மெக்கானிக்: எதுக்கு மாமா, வெள்ளைச் சட்டை வேற... கிரீஸ் பட்டா அக்கா என்னையும் சேத்துத் திட்டும்.

மாமா: பழைய புல்லி எங்க? அந்த ரேக்லயா?

மெக்கானிக்: அங்க போகாதீங்க!

மாமா: ஏன்?

மெக்கானிக்: ரேக்... ஆடுது.

மாமா: ஓஹோ. உன் ரேக் ஆடுறது நிஜம். என் வண்டி ஆடுறது மட்டும் மனசு.

மெக்கானிக்: கோவிச்சுக்காதீங்க மாமா...

மாமா: மாப்ள, இங்க வா. ஒண்ணு சொல்றேன். உங்க அக்கா காதுக்குப் போகக் கூடாது.

மெக்கானிக்: சொல்லுங்க.

மாமா: பறக்கலை.

மெக்கானிக்: எது?

மாமா: வண்டி. முதல் நாள்லேர்ந்தே பறக்கலை. முன்னாடி எப்படிப் போச்சோ அப்படியேதான் போச்சு... ஏய், என்ன சிரிப்பு?

மெக்கானிக்: சிரிக்கலை மாமா. தூசி... இருமல்.

மாமா: உன் பேச்சைக் கேக்காம வாங்கினேன். நீ மாட்டலைன்னா வேற கடைக்குப் போறேன்னு உன்னையே மிரட்டினேன். அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு எப்படிச் சொல்றது? உங்க அக்கா வேற பக்கத்துல உக்காந்து, ‘என்னங்க, பறக்குதா’ன்னு ஆசையா கேக்குறா. ஆமான்னுட்டேன். மறுநாள் அவளே ஓட்டிட்டு வந்து, ‘ஆமாங்க, பறக்குது’ன்னா. அவளும் சொன்னதும் எனக்கே குழம்பிடுச்சு. பறக்குதோ, எனக்குத்தான் தெரியலையோன்னு.

மெக்கானிக்: அப்படின்னா இந்த உதறலும் அதே மாதிரி ஒரு...

மாமா: இல்லடா! பறக்குதுன்னது பொய். உதறுதுங்குறது நிஜம். ஒரு பொய் சொல்லிட்டவன் அதுக்கப்புறம் உண்மையே பேசக் கூடாதா? தள்ளு. நான் ஸ்டார்ட் பண்றேன். நீ பானெட்டைத் தூக்கிட்டு அந்த ஓரத்துல கையை வை.

மெக்கானிக்: வெச்சேன். போடுங்க.

மாமா: என்ன சொல்ற?... மாப்ள? கைக்கு ஏதாவது தெரியுதா?

மெக்கானிக்: ஆஃப் பண்ணுங்க.

மாமா: என்ன?

மெக்கானிக்: ஆஃப் பண்ணுங்க மாமா!

மாமா: பண்ணிட்டேன்... உதறுதா?

மெக்கானிக்: உதறுது.

மாமா: அப்பாடா! நான் என்ன பைத்தியமா?

மெக்கானிக்: ஆனா உதறக் கூடாதே மாமா... எனக்கு மண்டை காயுது.

மாமா: அலுமினியப் புல்லி மாட்டினா உதறாதா பின்ன?

மெக்கானிக்: அதான் நான் மாட்டலையே!

மாமா: என்ன மாட்டலை?

மெக்கானிக்: உங்க புல்லியை. அது அந்த ரேக்ல கிடக்கு, டப்பா கூடப் பிரிக்காம. வண்டியில இருக்கறது பழைய புல்லிதான்.

மாமா: வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சேடா!

மெக்கானிக்: ஸ்ப்ரே அடிச்சேன்.

மாமா: அதை நான் போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன்டா!

மெக்கானிக்: லைக் வந்துச்சா?

மாமா: ஏகப்பட்ட... டேய்! பேச்சை மாத்தாதே. சொந்த மாமன் காதுலயே பூ சுத்தியிருக்கே?

மெக்கானிக்: வேற என்ன செய்யச் சொல்றீங்க? நான் மாட்டலைன்னா எவனாவது மாட்டிடுவான். தினமும் ஓட்டுறது எங்க அக்கா. உதறலை வாங்க ரப்பர் இல்லைன்னா நாளடைவுல இஞ்சினே போயிடும்னு பயந்துட்டேன் மாமா. அதான் இப்படிப் பண்ணினா நீங்களும் சந்தோஷமா இருப்பீங்க, அக்காவும் பத்திரமா இருக்கும்னு...

மாமா: சரி. மாட்டலை, அதனால பறக்கலை. அது புரிஞ்சுது. மாட்டலைன்னா ஏன் உதறுது?

மெக்கானிக்: அதுதான் எனக்கும் புரியலை. டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க... இன்னும் கீழ... ஐயோ.

மாமா: என்னடா ஐயோ?

மெக்கானிக்: ரப்பர் கிழிஞ்சு வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு. வெளி வளையம் தனியா கோணிக்கிட்டு சுத்தியிருக்கு. பெல்ட்டைப் பாருங்க, ஓரமெல்லாம் நூல் நூலா...

மாமா: நல்லா இருந்த ரப்பர் எப்படிக் கிழியும்?

மெக்கானிக்: மாமா... பெயிண்ட் நல்லாப் பிடிக்கணுமேன்னு, கிரீஸ் போறதுக்கு... தின்னர்ல ஊறப் போட்டேன்.

மாமா: தின்னர்ல ரப்பரைப் போட்டா என்ன ஆகும்?

மெக்கானிக்: ஊதி, ஒட்டு விட்டுப் போயிடும்.

மாமா: உனக்குத் தெரியுமா அது?

மெக்கானிக்: தெரியும் மாமா. உங்களை ஏமாத்துற அவசரத்துல மறந்துட்டேன்.

மாமா: நாளைக்கு அந்த மலையில போகும்போது இது கழண்டிருந்தா...

மெக்கானிக்: பெல்ட் தெறிச்சிருக்கும். பவர் ஸ்டீயரிங் ஓடுறதே அந்த பெல்ட்லதான். ஸ்டீயரிங் கல்லு மாதிரி இறுகியிருக்கும்.

மாமா: வளைவுலயா...

மெக்கானிக்: வேணாம் மாமா, சொல்லாதீங்க. நான் சிரிச்சேனே... நீங்க உண்மையைச் சொல்லும்போது சிரிச்சேனே நான்.

மாமா: நான் மட்டும் யோக்கியமா? பறக்குதுன்னு புளுகாம இருந்திருந்தா நீ முதல்லயே நம்பியிருப்பே. சரி, இப்ப என்ன செய்யலாம்? அந்த அலுமினியத்தையே மாட்டிடலாமா?

மெக்கானிக்: மாமா!

மாமா: சும்மா கேட்டேன்டா. ஆமா, நிஜமாவே அதை மாட்டியிருந்தா பறந்திருக்குமா?

மெக்கானிக்: ரேஸ்காரனுக்குக் கொஞ்சம் லாபம் இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா சட்டுன்னு எகிறும். ஆனா அவன் அடிக்கடி இஞ்சினைப் பிரிச்சுப் பாத்துக்குவான். உங்களுக்கு எதுக்கு? டிக்கியில கிடக்குற ஓட்டை உடைசலை இறக்கினாலே அதைவிட நல்லாப் போகும். ரப்பர் வெச்ச புதுப் புல்லியும் பெல்ட்டும் வாங்கிட்டு வந்து இன்னிக்கே மாட்டிடுறேன்.

மாமா: போ, சீக்கிரம் போ... ஐயையோ, உங்க அக்கா! ஸ்கூட்டரை நிறுத்துறா பாரு. மூச்சு விடாத.

அக்கா: என்ன, ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க? வண்டி ரெடியா தம்பி?

மெக்கானிக்: ஒரு சின்ன வேலை இருக்குக்கா. அக்கா... நீ ஓட்டும்போது ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?

அக்கா: எனக்கா? இல்லையே... நல்லாத்தான் பறக்குது.

மாமா: மறைக்காம சொல்லும்மா.

அக்கா: இதுல மறைக்க என்ன இருக்கு? நீங்கதானே பறக்குதுன்னு சொன்னீங்க?

மாமா: பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியலை. உன் முன்னாடி தோத்த மாதிரி ஆயிடுமேன்னு சொல்லிட்டேன்.

மெக்கானிக்: நான் அந்தப் புல்லியை மாட்டவே இல்லக்கா. இருந்த புல்லியையும் கெடுத்து வெச்சிருக்கேன்.

அக்கா: அப்படின்னா... அது பறக்குறது இல்லையா?

மாமா: எது?

அக்கா: தினமும் வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கை ரெண்டும் மரத்துப் போகும்ங்க. இறங்கினா கால் நடுங்கும், கொஞ்ச நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்களேன்னு வாயைத் திறக்கலை. எனக்கென்ன தெரியும்... பறக்குறதுன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்.