எண்ணெய்ப் பரோட்டா நின்ற வீடு

ஐப்பசி பிறந்த மறுநாள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தூக்குவாளியோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“ஆவணியிலருந்து வீட்டுல எண்ணெய்ப் பரோட்டா கெடையாதுக்கா. கேப்பைக்களிதான்.”

“ஒம் வீட்டுக்காரரு எப்படித் திங்காரு?”

“அவருதான ஆரம்பிச்சாரு. நாத்தனா வீட்டு விசேசத்துல போட்டோ எடுக்கையில, ‘நீ நின்னா மத்தவுக தெரியமாட்டாக, தள்ளிக்கோ’ன்னாரு. ரெண்டாவது புள்ள பெத்து ஏறுன ஒடம்பு. எல்லாரும் சிரிச்சாக. குறைக்கணும்னா வீட்டோடதான குறைக்கணும்?”

“இப்ப என்னங்காரு?”

“நேத்து அடுப்படிக்கு வந்து, ‘நீ பழையபடி பூசுனாப்புல இருந்தாத்தான் லட்சணம்’னு மெல்லச் சொல்றாரு.”

“பெறகென்ன, பரோட்டா வாங்கியாரச் சொல்லு.”

“சொன்னது அம்புட்டு பேரு முன்னால, மாத்திச் சொல்றது அடுப்படியிலயா? தையில அதே வீட்டுல காதுகுத்து. அங்கன வந்து சத்தமாச் சொல்லட்டும். அதுவரைக்கும் களிதான்.”