வெள்ளி மட்டையும் எட்டடி ஏணியும்

டேல்: ...அதெல்லாம் முடியாது அண்ணே. ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. பதினோராம் பக்கம். குதிரை ஏறக் கூடாது, பனிச்சறுக்குப் போகக் கூடாது, ஏணி ஏறக் கூடாது.

ஆர்வில்: ஏணின்னா எழுதியிருக்கு?

டேல்: 'உயரமான இடம்'னு எழுதியிருக்கு. ஏணி உயரந்தானே?

ஆர்வில்: எட்டடிடா!

டேல்: எட்டடியில இருந்து விழுந்து உடைஞ்சா அது யார் கை? உன் டீமோட முதல் பேஸ்காரன் கை. நீ அந்த பேஸ்பால் டீமுக்கு பேட்டிங் கோச். நீயே யோசிச்சுப் பாரு.

ஆர்வில்: பாத்துட்டேன். அண்ணன் விழுந்தாப் பரவாயில்லைங்கற.

டேல்: கோச்சு வேற கிடைப்பாங்க.

ஆர்வில்: கழுதை... ஏய், ஏணிய ஆட்டாதே!

டேல்: நான் ஆட்டல. காத்து.

ஆர்வில்: காத்து உன் முட்டியிலருந்தா வருது? ஒழுங்காப் பிடி. அந்த வாளியத் தூக்கிக் கொடு. கூரைக் கால்வாய் முழுக்க மேப்பிள் இலை. பனி விழறதுக்குள்ள அள்ளலேன்னா உறைஞ்சு போயி, தண்ணியெல்லாம் படுக்கையறைக்குள்ள வந்துரும்.

டேல்: மணி என்ன ஆச்சு?

ஆர்வில்: இதோட நாலாவது தடவை கேக்கற.

டேல்: அண்ணி! மணி என்ன?

மார்லிஸ்: மூணு நாப்பது! நாலு மணிக்குத்தான் ரேடியோல சொல்வாங்களாம். ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்கேன், ரெண்டு பேரும் கத்தாம இருந்தீங்கன்னா உங்களுக்கும் கேக்கும். காட்டரிசி சூப்பு வெச்சாச்சு. கையக் கழுவாம எவனும் உள்ள வரக் கூடாது!

ஆர்வில்: நாலு மணிக்கு என்ன சொல்றாங்க?

டேல்: அடடா... ஒண்ணுமே தெரியாத மாதிரி!

ஆர்வில்: மழையா, பனியான்னு சொல்வாங்க.

டேல்: வெள்ளி மட்டை யாருக்குன்னு சொல்வாங்க, ஒவ்வொரு இடத்துலயும் நல்லா அடிக்கிறவனுக்குக் கொடுக்கற விருது. அதுவும் முதல் பேஸுக்கு. ஒண்ணு எனக்கு, இல்லேன்னா அந்த இன்னொரு டீம் பெனாவுக்கு. லீக்குல வேற எவனும் கிட்டவே இல்ல.

ஆர்வில்: ஓ, அதுவா.

டேல்: அதுவாவா! பன்னெண்டு வருஷம் ஆடிட்டேன் அண்ணே. முப்பத்து மூணு வயசாச்சு. ஒரு தடவைகூட என் பேரு அதுக்குப் பக்கத்துல போனதில்ல. மத்த இடமா இருந்தாப் பரவாயில்ல... முதல் பேஸ். லீக்குல இருக்கற அத்தனை மாட்டு முரடனுங்களும் அங்கதான் நிக்கறானுங்க.

ஆர்வில்: அடிக்கிறவன் நிக்கற இடம் அது.

டேல்: ம்... சொல்லு. மிச்சத்தையும் சொல்லு.

ஆர்வில்: மிச்சம் என்ன?

டேல்: பள்ளிக்கூட மைதானத்துல லீவுக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்ப சொன்னியே. எனக்குப் பதினேழு வயசு. டீம் மொத்தமும் வேலியோரம் நின்னு கேட்டுட்டிருந்துச்சு. 'பந்தப் பிடிக்க யாரை வேணா அங்க நிறுத்தலாம். முதல் பேஸ்ல நிக்கறவன் அடிக்கணும். உனக்கு அடிக்க வராது டேல், வெளியே வா.'

ஆர்வில்: அப்படியே சொல்ற.

டேல்: மறக்கற மாதிரியா சொன்ன?

ஆர்வில்: அப்ப உனக்கு அடிக்க வரல. அந்த வருஷம் பாதி நாள் காத்தத்தான் அடிச்ச.

டேல்: இப்ப?

ஆர்வில்: வாளிய இறக்கறேன், பிடி. முகத்துல கொட்டிக்காதே.

டேல்: இப்ப வருதா, வரலையா?

ஆர்வில்: ஆகஸ்ட்ல உன் பின்கால் நகந்துச்சு. ரெண்டு வாரம். நான் சொன்னதுக்கப்புறந்தான் சரி பண்ணின.

டேல்: அதைக் கேக்கல! பதினாறு வருஷமாச்சு, அந்த வார்த்தைய நீ திரும்ப எடுத்துக்கவே இல்ல.

ஆர்வில்: எடுத்துக்க அது என்ன இரவல் கொடுத்த ரம்பமா?

டேல்: ஆயிரம் பேர் கைதட்டறான் அண்ணே. பேப்பர்ல எழுதறான். எனக்கு அது வேண்டாம். உன் வாயால ஒரு தடவை... 'டேல், உனக்கு அடிக்கத் தெரியுது'ன்னு... ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஆர்வில்: அணில் கூடு கட்டியிருக்கு இங்க.

டேல்: அடப் போ அண்ணே!

மார்லிஸ்: டேல், அவரைத் திட்டாதே! ஏணி மேல இருக்கறப்பத் திட்டாதே. இறங்கட்டும், நானும் சேந்து திட்டறேன்.

ஆர்வில்: உள்ள இருந்துக்கிட்டே கூட்டுச் சேரறா பாரு.

டேல்: சரி, வேற கேக்கறேன். விருதுக்கு ஓட்டுப் போடறது யாரு? லீக்குல இருக்கற மேனேஜருங்க, கோச்சுங்க. நீயும் போட்டிருப்ப. முதல் பேஸுக்கு யார் பேரை எழுதின?

ஆர்வில்: ஓட்டு ரகசியம்.

டேல்: தம்பிகிட்டயே ரகசியமா?

ஆர்வில்: தம்பிகிட்டத்தான் முக்கியமா ரகசியம். உனக்குப் போட முடியாதுன்னு தெரியும்ல? சொந்த டீம் ஆளுக்குப் போடக் கூடாது. ஜூலை கடைசி வரைக்கும் எதிர் டீம்ல இருந்த. அதுக்கப்புறம் எங்க டீமுக்கே உன்னை மாத்திட்டாங்க, வந்து உக்காந்துட்ட. ஓட்டுச் சீட்டு செப்டம்பர்ல வந்துச்சு.

டேல்: ரெண்டு மாசம் கழிச்சு மாத்தியிருக்கலாம். சொந்த அண்ணன் ஓட்டுப் போச்சு.

ஆர்வில்: மாத்தினது நானா?

டேல்: எதிர் டீம்ல அஞ்சு வருஷம் இருந்தேனே. அப்பப் போட்டிருக்கலாமே. போட்டியா?

ஆர்வில்: இல்ல.

டேல்: ஒரு வருஷம்கூடவா?

ஆர்வில்: இல்ல.

டேல்: கொஞ்சம் யோசிக்கற மாதிரியாவது நடிச்சிருக்கலாம்...

ஆர்வில்: போன வருஷம் நீ அடிச்சது ஆயிரத்துக்கு இருநூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கு எவனாவது ஓட்டுப் போடுவானா? அம்மா போடுவாங்க. அவங்களுக்கு ஓட்டு இல்ல.

டேல்: இந்த வருஷம் முன்னூத்தி இருபத்தொண்ணு!

ஆர்வில்: தெரியும். நான்தானே தினமும் எழுதி வெக்கிறேன்.

டேல்: வேலி தாண்டி முப்பத்தெட்டு ஹோம் ரன். அதுல மூணு உங்க டீமுக்கு எதிரா, மே மாசம், ஒரே ஆட்டத்துல. அதுவும் எந்தப் பந்துல? முட்டிக்குக் கீழ, உள்பக்கமா வந்த பந்துல. எனக்கு அங்கதான் போடணும்னு உங்க பந்து போடற பிட்சருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆர்வில்: மேனேஜர் கேட்டார். சொன்னேன்.

டேல்: சொந்தத் தம்பியப் பத்தி!

ஆர்வில்: அங்க சம்பளம் வாங்கிட்டு உனக்கா வேலை பாப்பேன்? அஞ்சு வருஷம் அந்தப் பந்து உன்கிட்ட வேலை செஞ்சுது.

டேல்: மே மாசம் செய்யல. மூணாவது அடி மைதானத்தையே தாண்டிப் போயி கார் நிறுத்தற இடத்துல விழுந்துச்சு. நான் பேஸ் எல்லாம் சுத்தி வரும்போது உங்க பக்கம்தான் பாத்தேன். நீ எப்படி உக்காந்திருக்கன்னு பாக்கணும்னு. ஆளையே காணோம்!

ஆர்வில்: தண்ணி குடிக்கப் போனேன்.

டேல்: மூணு தடவையும் பாத்தேன். மூணு தடவையும் காணோம்.

ஆர்வில்: அன்னைக்கு வெயில்.

மார்லிஸ்: தண்ணியா! டேல், அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு உள்ளங்கையும் சிவந்து கிடந்துச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா முழிக்கறார். டீம் உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி இருட்டு நடைவழியில தனியா நின்னு கைதட்டியிருக்கார்! பந்து எடுத்துப் போடற பையன் பாத்துட்டானாம். அவன் வாய மூட ஒரு தொப்பி கொடுத்திருக்கார்.

ஆர்வில்: மார்லிஸ், சூப்பு அடிபிடிக்குது.

மார்லிஸ்: என் சூப்பு அடிபிடிக்காது.

டேல்: அண்ணே...

ஆர்வில்: என்ன?

டேல்: கைதட்டினியா?

ஆர்வில்: கொசு.

டேல்: மே மாசத்துல, மினசோட்டாவுல கொசுவுக்குப் பஞ்சமா... சரி, ஒத்துக்கறேன். கொசுவே தான்.

ஆர்வில்: ஏணிய ரெண்டடி வலது பக்கம் நகத்தணும். நான் இறங்கறேன்.

டேல்: இரு இரு. இறங்காதே. முதல்ல சொல்லு. சீட்டுல யார் பேரு?

ஆர்வில்: டேய், கால் வலிக்குது.

டேல்: பேரைச் சொன்னா இறங்கலாம்.

ஆர்வில்: பெனா.

டேல்: யாரு?

ஆர்வில்: பெனாவுக்குப் போட்டேன். போதுமா? நாப்பத்தொரு ஹோம் ரன். உன்னைவிட மூணு அதிகம். உனக்குப் போட முடியாது, அடுத்த நல்ல ஆள் அவன். ஓட்டுன்னா நியாயமாப் போடணும்.

டேல்: பெனாவுக்கா...

ஆர்வில்: ஏன், உன் முகம் ஏன் இப்படிப் போகுது?

டேல்: ஒண்ணுமில்ல. நியாயந்தான். நாப்பத்தொண்ணு.

ஆர்வில்: இந்த லீக்குல மொத்தமே பத்தொன்பது ஆட்டம் ஆடினவன் நான். அதுல ஹோம் ரன் சைபர். நாப்பத்தொண்ணுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

டேல்: ஒண்ணு வேலி மேல பட்டுச்சுல்ல, உன்னுது?

ஆர்வில்: பட்டு உள்ளயே விழுந்துச்சு. ரெண்டடி இருந்திருந்தா... விடு. அதையெல்லாம் எதுக்கு இப்ப?

மார்லிஸ்: ஷ்ஷ்! ரெண்டு பேரும் வாய மூடுங்க! சொல்றாங்க... பந்து பிடிக்கிறவனுக்கு யாரோ... முதல் பேஸ்... முதல் பேஸ் சொல்லப் போறான்...

ஆர்வில்: சத்தமா வை!

மார்லிஸ்: வெச்சுட்டேன்... 'முதல் பேஸ்... வெள்ளி மட்டை... டேல் ஹால்வர்சன்!' டேல் ஹால்வர்சன்! நம்ம டேல்!

டேல்: அண்ணே, ஏணி ஆடுது. நான் ஆட்டல.

ஆர்வில்: காத்து.

டேல்: இலைகூட அசையல அண்ணே. கண்ணத் தொடச்சுக்கோ. அந்தக் கையுறையால வேண்டாம், சேறு.

ஆர்வில்: தூசி விழுந்துச்சு. ...நீ ஏன்டா குதிக்காம நிக்கற? பேரைச் சொல்லிட்டான்! உன் பேருடா! பன்னெண்டு வருஷம்னு இப்பத்தானே புலம்பின!

டேல்: ஏணியப் பிடிச்சிருக்கேனே, எப்படிக் குதிக்கறது?

மார்லிஸ்: அவன் காலையிலயே குதிச்சு முடிச்சுட்டான். சமையலறையில என்னையும் தூக்கிச் சுத்தினான், ஒரு கோப்பை உடைஞ்சுது.

ஆர்வில்: காலையிலயா?

டேல்: மேனேஜர் எட்டு மணிக்குப் போன் பண்ணினார். ஜெயிக்கிறவனுக்கு முன்னாடியே சொல்லிருவாங்களாம். வெளியே சொல்லக் கூடாதுன்னார். அண்ணிகிட்ட மட்டும் சொன்னேன்.

ஆர்வில்: அப்ப எட்டு மணியிலருந்து தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட நாலு தடவை மணி கேட்ட!

டேல்: அஞ்சு தடவை.

ஆர்வில்: இறங்கி வந்தேன்னா...

டேல்: இறங்க விட்டாத்தானே! மேனேஜர் இன்னொண்ணும் சொன்னார் அண்ணே.

ஆர்வில்: என்ன சொன்னார்?

டேல்: கோச்சுங்க சீட்டையெல்லாம் வாங்கி அனுப்பினது அவர்தானே. நம்ம டீம்லருந்து போனதுல ஒரு சீட்டு திரும்பி வந்துச்சாம். செல்லாதுன்னு சிவப்புப் பென்சில்ல கோடு போட்டு. எவனோ ஒரு கோச்சு சொந்த டீம் ஆள் பேரை எழுதியிருந்தானாம்.

ஆர்வில்: புதுசா வந்த பையன் எவனாவது இருப்பான். சட்டம் தெரியாதவன்.

டேல்: அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா அவன் இருபத்திரண்டு வருஷமா கோச்சா இருக்கானாம். ஒவ்வொரு வருஷமும் ஓட்டுப் போடறவனாம்.

ஆர்வில்: ...கை தவறியிருக்கும்.

டேல்: மேனேஜர் கூப்பிட்டு, 'திருத்திக் கொடு, வேற பேர் எழுது'ன்னாராம். அவன் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு, மாட்டேன்னுட்டுப் போயிட்டானாம்.

ஆர்வில்: இந்த மனுஷனுக்கு வாயில ஒண்ணும் நிக்காது.

டேல்: பெனான்னு சொன்னியே அண்ணே. முதல் பேஸுக்குன்னு இருக்கற கோட்டுல ஒண்ணும் எழுதாம விட்டிருக்கலாமே. உன் சீட்டாவது சிவப்புக் கோடு இல்லாமத் தப்பிச்சிருக்கும்.

ஆர்வில்: முதல் பேஸை ஆளில்லாம விடறதா? மைதானத்துல வளந்தவன்டா நான்.

டேல்: சொல்லிரு. இல்லேன்னா ஏணிய விட்டுட்டு சூப்பு குடிக்கப் போயிருவேன். ராத்திரி பூரா அணிலோட பேசிட்டிரு.

மார்லிஸ்: நானும் கதவைச் சாத்திருவேன்!

ஆர்வில்: ரெண்டு பேரும் சேந்துட்டீங்க...

டேல்: செல்லாதுன்னு தெரிஞ்சேதானே எழுதின?

ஆர்வில்: தெரியும்டா. எல்லாம் தெரிஞ்சுதான் எழுதினேன். எழுதினா செல்லும்ங்கற அஞ்சு வருஷமும் உன் பேரை நான் எழுதல, ஏன்னா நீ அதுக்குத் தகுந்த ஆட்டம் ஆடல. அண்ணன் ஓட்டுன்னு எவனும் சொல்லிரக் கூடாது, நீயும் நினைச்சிரக் கூடாது. இந்த வருஷம் எழுதினாச் செல்லாது. ஆனா கையில பேனாவ எடுத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன்... முதல் பேஸுக்கு நேரா வேற எவன் பேரை எழுதினாலும் அது பொய்யாயிரும் டேல். உனக்கு அடிக்கத் தெரியுது. இப்ப ஏணியப் பிடி, நான் இறங்கி வரணும்.