மூணாம் நம்பர் செட்டு

— இன்னும் எந்திரிக்கலையா அது?

— எந்திரிக்கும். பதினஞ்சு வருஷத்து லேப்டாப்பு, டெக்னிக்கலா கொஞ்சம் டைம் எடுக்கத்தான் செய்யும்.

— எடுக்கட்டும் சார். உங்ககூட ஏழு வருஷம் குடும்பம் நடத்தினவ, காத்துக் கெடக்கறது எனக்கென்ன புதுசா?

— ஆரம்பிச்சிட்டியா? தனித்தனி வீடு எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் தீரலையா திட்டு?

— வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தா எப்படித் தீரும்? லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போங்கன்னாலும் கேக்கறதில்ல.

— நீ காலேஜ் படிக்கறப்ப உங்கப்பா உனக்கு வாங்கிக் குடுத்தது, எனக்கெதுக்கு? வாக்கி-டாக்கி கேபிள் சொருக இதுல மட்டும்தான் எடம் இருக்கு. வேலை முடிஞ்சா போயிடப் போறேன்.

— தன்மானம்! சரி, இன்னைக்கு யாரு நோயாளி?

— அதே மூணாம் நம்பர் செட்டுதான். மில்லு கேட்டுல நிக்கற வாட்ச்மேனோடது. மறுபடியும் சேனல் மொத்தமும் அழிஞ்சுபோச்சு.

— போன வாரம்தானே ஏத்துனீங்க?

— ஏத்துனேன். சனிக்கிழமை காலையில ஆன் பண்ணா ‘கொய்’ங்குது. பாவம், அந்தாளு விசில் ஊதி ஆளைக் கூப்பிடறாரு.

— அடடா. இவ்வளவு பெரிய நிபுணர் கைபட்டும் அதுக்குப் புத்தி வரலையே.

— சூப்பர்வைசர்கூடத் தூக்கிக் குப்பையில போடுன்னுட்டாரு.

— போட்டுத் தொலைக்கறதுதானே?

— அது வந்து... டெக்னிக்கலா நல்ல செட்டு.

— பொண்டாட்டிகிட்டயும் இந்தப் பொறுமையைக் காட்டியிருக்கலாம்.

— விடு. பதினாறு சேனலும் ஏறிடுச்சு. ஒண்ணு சொல்லணும். ஆபீஸ்ல புது லேப்டாப் வாங்கிட்டாங்க. பழைய செட்டுக்கும் ஒத்து வருது. இனிமே நான் இங்க வர வேண்டியதில்ல.

— ஓ.

— உனக்கும் நிம்மதி. கேபிளை நீயே வெச்சுக்க.

— ரொம்ப நன்றி சார். கொடி கட்டித் துணி காயப்போடறேன்.

— கை கழுவிட்டுக் கெளம்பறேன்.

— நில்லுங்க.

— என்ன?

— அந்த செட்டுல ஒரு கோளாறும் இல்ல.

— பின்ன எப்படி வாராவாரம் அழியுது?

— ஒண்ணுமில்லாத காலி ஃபைலை ஏத்துனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நீங்க கை கழுவப் போற நேரத்துல நான்தான் ஏத்துனேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க. நீங்க வராம இருந்தா எனக்குத் தாங்காது. அவ்வளவுதான்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— எத்தனை மணிக்கு ஏத்துனதுன்னு செட்டுலயே பதிஞ்சிருக்கும்டி. ரெண்டாவது வாரமே பாத்துட்டேன். இல்லன்னா எவனாவது கால் மணி நேரம் கை கழுவுவானா? வாட்ச்மேனுக்கு அப்பவே வேற செட்டு குடுத்தாச்சு.

— அப்ப... புது லேப்டாப்பு?

— எந்தப் புது லேப்டாப்பு?