காது உடைஞ்ச பம்பு

– ஒரே வார்த்தையில சொல்லு குட்டி. நான் கொடுத்த துண்டு கெட்டிப்பட்டிருக்கா, இல்லையா?

– கெட்டிப்பட்டிருக்குதான். ஆனா அக்கா...

– போதும். அதை எழுதிக் கொடு, நான் கிளம்பறேன்.

– வந்த கால்லயே நிக்காத. அந்த நாற்காலியில கிடக்கிற என் லேப் கோட்டைத் தள்ளிட்டு உட்காரு.

– உட்கார நேரமில்லடி. பராமரிப்பு முடிஞ்சுது, ஆலையை இன்னிக்கு ஓட்டியாகணும். ஷிப்ட் பொறுப்பு என் தலையில. அத்தனை பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்காங்க.

– நீ கொண்டுவந்த துண்டு அந்த வெந்நீர் பம்போட காதுதானே? கயிறு மாட்டித் தூக்கற வளையம்?

– ஆமா. ஃபிட்டர் சுத்தியலால லேசா ஒரு தட்டு தட்டினார். பொடுக்குன்னு கையோட வந்துடுச்சு. அதுக்கென்ன இப்போ?

– நல்ல உலோகம்னா வளைஞ்சிருக்கும், நசுங்கியிருக்கும். இது உடைஞ்ச இடத்தைப் பாரு, பீங்கான் தட்டு மாதிரி. மிச்சத்தை இங்க மெஷின்ல வெச்சு அடிச்சேன். புதுசுல தாங்கினதுல பாதிகூடத் தாங்கல.

– கெட்டியா இருக்குங்கற, தாங்கலங்கற. ஒரே வாயில ரெண்டு பேச்சா?

– ரெண்டும் நிஜம்க்கா. பம்பை வார்க்கும்போது இரும்பும் குரோமியமும் ஒண்ணோட ஒண்ணு நல்லாக் கலந்திருந்துச்சு. அப்புறம் வருஷக்கணக்கா, அழுத்தத்துல ஆவியாகாம நிக்கிற வெந்நீரோட முந்நூறு டிகிரிச் சூட்டுலயே கிடந்திருக்கு. உருகற சூடு இல்ல. ஆனா உள்ள இருக்கிற அணு மெல்ல மெல்ல நகர்றதுக்கு அது போதும். இரும்பு ஒரு பக்கம், குரோமியம் ஒரு பக்கம்னு பிரிஞ்சிடுச்சு.

– ஒரே கூரைக்குள்ள தனிக்குடித்தனமா?

– சிரிக்காத. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. உள்ள குரோமியம் பொடிப்பொடியா, திட்டு திட்டா குறுக்க நிக்குது. அதனால உலோகம் அசைஞ்சு கொடுக்க மாட்டேங்குது. அசையாததாலதான் கெட்டி. அதனாலதான் அடி விழுந்தா வளையாம விரிசலும் விடுது.

– விரிசலைக் காட்டிக்கொடுக்கிற சாயம் தடவிப் பாத்துட்டோம். ஒரு விரிசல்கூட இல்ல.

– இன்னும் வரல, அவ்வளவுதான். வந்தா நின்னு யோசிக்காது, ஒரே ஓட்டமா ஓடிடும். அதுவும் ஆறிக் கிடக்கும்போதுதான் இது ரொம்ப மோசம். நீ இன்னிக்கு ஆறிக் கிடக்கிற பம்புலதான் அழுத்தம் ஏத்தப்போற.

– இத்தனை வருஷம் ஓடிச்சே!

– இத்தனை வருஷம் ஓடினதாலதான் இப்படி ஆச்சு!

– கத்தாத. பக்கத்து அறையில ஆள் இருக்காங்க.

– இருக்கட்டும். அங்க பம்புக்கு எதிர்ல நிக்கப்போறது நீ.

– ஒரு காது உடைஞ்சதை வெச்சு மொத்தப் பம்பும் அப்படின்னு எப்படிச் சொல்ற?

– எல்லாம் ஒரே வார்ப்பு. காது வெளிய நீட்டிக்கிட்டிருக்கு, சூடு கம்மியாத்தான் பட்டிருக்கும். அதுவே இப்படின்னா உடம்பு எப்படி இருக்கும்?

– வழியே இல்லையா?

– ஏன் இல்ல? கழட்டி, ஐந்நூத்தம்பது டிகிரிக்குக் காய்ச்சி, சட்டுனு ஆற வெச்சா பிரிஞ்சது திரும்பக் கலந்துடும். இல்ல, புதுசா வார்க்கணும். எதுவானாலும் இன்னிக்கு ஓட்டக் கூடாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

– என் வேலை போனா?

– போகட்டும். கோவிச்சுக்க. அம்மாகிட்ட கோள் சொல்லு. ஒரு வருஷம் என்கூடப் பேசாம இரு. உயிரோட இருந்து பேசாம இருந்தா, அது போதும் எனக்கு.

– அழாதடி... கண்ணைத் துடை, குட்டி.

– அப்போ ஓட்ட மாட்டேன்னு சொல்லு.

– எழுந்திரு. மேனேஜர் வெளிய வண்டியில உட்கார்ந்திருக்கார். நான் கேட்ட கேள்வியெல்லாம் அவரும் அப்படியே கேப்பார், நீ எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் சொல்லு. காலையிலயே பம்பு சுவிட்சுக்குப் பூட்டைப் போட்டுட்டு, சாவியோடதான் உன்கிட்ட வந்தேன்.