கட்டைவிரல் தூரம்

மழை நேரத்தில் ஜெலுத்தோங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு வயதான தம்பதி. மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்.

"காட்டெருமைய படம் எடுக்கிறதுக்கு முன்னால, கைய நீட்டி கட்டைவிரல தூக்குங்க. அது முழுசா விரலுக்குப் பின்னால மறையணும். மறையலன்னா ரொம்பக் கிட்ட போயிட்டீங்க. நீங்க அங்க வர்றீங்கன்னதும் கனடாவுலேருந்து மக சொன்னா."

"அந்தப் பனியில விரல் வெறச்சிடும்லா."

"கிளவுஸோடயே தூக்குங்க. எந்த மாட்டப் பார்த்தாலும் தொட்டுக் கும்பிடுற ஆளு நீங்க. இது அந்த மாடு இல்ல."

"படம் மட்டும்தான் எடுப்பேன்."

"இழுத்துப் பிடிக்க நான் கூட வரலயே. அதான் பயமா இருக்கு."

பாசார் என்ற சந்தை நிறுத்தத்தில் மனைவி மட்டும் இறங்கினார். பஸ் நகர்ந்தது. கணவர் ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினார். குடையோடு மனைவி முழுதாக மறைந்ததும், சட்டென்று விரலை எடுத்துவிட்டார்.