ஊசி டப்பாவின் இரண்டு சாவிகள்

என் தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து எழுநூறு. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா. பணத்தை வசூலிக்கத் தெரிந்தவன் ஏன் இங்கே வந்து உட்காரப் போகிறான்?

அருங்காட்சியகத்தில் துப்பாக்கி துடைப்பது என் வேலை. தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டினேன். முதலில் வாசித்த பலகை 'தொடாதீர்கள்'. அன்று முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், அது உனக்கில்லை என்று மேலாளர் வந்து சொல்லும்வரை.

காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்குள், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி இருக்கக் கூடாது என்பது சட்டம். ஊசிகள் மாடியில் தனி டப்பாவில் இருக்கும். அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு ஆள். ஒரு சாவி என்னிடம், மற்றது அங்கேயே வழிகாட்டியாக இருந்த அந்தத் தங்கை புருஷனிடம். எண்ணெய் போடும்போதெல்லாம் இருவரும் மாடியேற வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி. "நீங்களே வச்சுக்கோங்க மச்சான், ஊசியத் தின்னவா போறீங்க?" என்று தன் சாவியையும் என் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

பார்வையாளர்களுக்கு அவர் ஒரு வித்தை காட்டுவார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைப்பார். என்னைக் காட்டுவார். "இவர்கிட்ட கடன் வாங்கிட்டேங்க. இனி இதான் வழி." விசையை இழுப்பார். டிக். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கடன் கொடுத்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் நின்று பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தும் சிரித்தாள்.

தானமாக வந்த பெட்டியொன்றில், துணிக்கடியில் ஒரு தோட்டா கிடந்தது. உடனே எழுதி ஒப்படைக்க வேண்டும். எனக்குத்தான் எழுத்து மெதுவாக வருமே.

அன்று காலை ஊசியைத் துடைத்து, அந்தக் கைத்துப்பாக்கிக்குள் அதன் இடத்தில் மாட்டினேன். தோட்டாவையும் துடைத்து, அதன் இடத்தில் போட்டேன். பழசு, வெடிக்குமோ என்னவோ என்று ஒரு சந்தேகம். என் பராமரிப்பில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. மற்றபடி நான் சுடவில்லை. எடுக்கச் சொல்லவுமில்லை. வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் என்னைக் காட்டியபோது வழக்கம்போலச் சிரித்தேன்.

துக்க வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் வாங்குனத நான் எப்படியாவது அடைச்சிடறேன் அண்ணா."

புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பணம் வாங்க நான் என்ன கல்நெஞ்சனா ஐயா? அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தள்ளுபடி செய்துவிட்டேன்.