அக்கா போட்ட ஒற்றை நட்சத்திரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன், நடுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அக்கா, வீட்டிலிருந்தபடியே சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைந்து தருகிறவள். தம்பி, லேப்டாப் விற்கிற ஒரு கம்பெனியில் பழுது பார்க்கிறவன். வேலை நேரத்தில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, மூச்சிரைக்க அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கேளுங்கள்.

தம்பி: ...அதை எடுத்துடுக்கா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

அக்கா: எதைடா எடுக்கணும்? முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா.

தம்பி: நெட்ல எழுதிப் போட்டிருக்கியே, நான் குடுத்த லேப்டாப்பைப் பத்தி. ஒரே ஒரு ஸ்டார் குடுத்து.

அக்கா: ஓ, அதுவா. படிச்சியா? நல்லா எழுதியிருக்கேனா?

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: யாரு விளையாடுறா? முழுசா மடக்கினா டேப்லெட் ஆகும்னு சொன்ன. ஆச்சு. அடுப்பும் ஆச்சு. மடியில வச்சா தொடை வேகுது. திறந்து வச்சா ஸ்கிரீன் நிக்காம தலையாட்டுது, உங்க மாமா மாதிரி. நான் என்ன சொன்னாலும் சரி சரின்னு...

தம்பி: மாமா உள்ள இருக்காரா?

அக்கா: கடைக்குப் போயிருக்கார். ஏன் குரலைத் தாழ்த்துற?

தம்பி: சும்மாதான்.

அக்கா: இந்தா, தண்ணி குடி. ஏன் இப்படி மூச்சு வாங்குது?

தம்பி: பைக்ல வேகமா வந்தேன்ல...

அக்கா: என்னிக்குடா நீ மெதுவா வந்திருக்க?

தம்பி: அக்கா, நீ எழுதினது கூடப் பரவாயில்ல. அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து எதுக்குப் போட்ட?

அக்கா: அங்கதானே லேப்டாப்போட சீரியல் நம்பர் ஒட்டியிருக்கு. நம்பரோட போட்டாதான் நம்புவாங்க. இல்லன்னா போட்டிக் கம்பெனிக்காரன் எழுதினதுன்னு தள்ளிடுவாங்கன்னு நீதானே ஒரு நாள் சொன்ன?

தம்பி: நான் சொன்னது... பொதுவா.

அக்கா: நம்பரைப் போட்டா என்ன இப்ப? திருட்டுச் சாமானா?

தம்பி: மெதுவாப் பேசுக்கா. கதவைச் சாத்து.

அக்கா: என்னடா?

தம்பி: நேத்து சாயங்காலம் மேனேஜர் அதைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினார். எல்லாரும் பார்த்தாங்க. அந்த நம்பர் மெஷின் யாருக்குப் போச்சுன்னு தேடச் சொல்லியிருக்கார். நீ அழிச்சிட்டா, யாரோ வம்புக்குப் போட்டதுன்னு விட்டுடுவாங்க.

அக்கா: தேடட்டுமே. தேடி வந்து சரி பண்ணித் தரட்டும்.

தம்பி: நான் சரி பண்ணித் தரேன்.

அக்கா: நீ சரி பண்ணி சரி பண்ணித்தான் இந்த லட்சணத்துல இருக்கு. ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போற, துடைச்சுப் பளபளன்னு கொண்டு வர்ற, ரெண்டு நாள் ஒழுங்கா இருக்கு...

தம்பி: அக்கா, தயவு செஞ்சு...

அக்கா: நான் ஏன் எழுதினேன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா? டாக்டரம்மா வீட்டுச் சமையலறை வேலை கையை விட்டுப் போயிடுச்சு.

தம்பி: போயிடுச்சா? எப்படி?

அக்கா: லேப்டாப்பை மடக்கிக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேனாவால வரைஞ்சேன். எல்லாம் சரியாத்தான் வரைஞ்சேன். அனுப்பின படத்துல, ஜன்னலோரத்து அலமாரி ஒரு சாண் நகர்ந்திருக்கு. அதைப் பார்த்துச் சுவத்துல துளை போட்டுட்டாங்க. புது டைல்ஸ் பூரா ஓட்டை. மாட்டிப் பார்த்தா கதவு ஜன்னல்ல இடிக்குது.

தம்பி: நகர்ந்து...

அக்கா: டாக்டரம்மா திட்டக்கூட இல்லடா. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதாம்மான்னு கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். மாமாவுக்குச் சொல்லாம கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். இனிமே வரையவே முடியாதோன்னு...

தம்பி: உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா.

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: மடக்கினதும் கீபோர்டு தானா அணைஞ்சிடணும். உன்னோடதுல அணையாது. பின்னால பிடிச்சிருக்கிற விரல் ஏதாவது பட்டன்ல பட்டா, படம் நகரும்.

அக்கா: இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

தம்பி: ...குடுக்கும்போதே.

அக்கா: குடுக்கும்போதேவா.

தம்பி: நீ மடக்கி வேலை செய்ய மாட்டேன்னு நினைச்சேன்.

அக்கா: மடக்கிற லேப்டாப்பைக் குடுத்துட்டு, மடக்க மாட்டேன்னு நினைச்சியா? குடையைக் குடுத்துட்டு விரிக்காதன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு.

தம்பி: திட்டு. நல்லாத் திட்டு.

அக்கா: திட்டறது இருக்கட்டும். ஏன் அணையாது? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: ஸ்கிரீன் ஒரு மெஷினோடது. கீபோர்டு இருக்கிற பாகம் வேற மெஷினோடது. ரெண்டும் எங்ககிட்ட வாங்கின ஒரு பெரிய ஆபீஸ்லேர்ந்து பழுதாகித் திரும்பி வந்தது. நல்ல பாதியும் நல்ல பாதியும் சேர்த்து நான்தான் ஒண்ணாக்கினேன். மடக்கியாச்சுன்னு கீழ்ப் பாகத்துக்குச் சொல்ல மேல் பாகத்துல ஒரு சின்னக் காந்தம் இருக்கும். இதுல அது இடம் மாறியிருக்கு.

அக்கா: புதுசுன்னு சொன்னியேடா.

தம்பி: ஆமா.

அக்கா: அன்னிக்கு நான் சந்தோஷத்துல அழுதேன்.

தம்பி: நீ அழுததைப் பார்த்ததுக்கப்புறம்தான்... சொல்ல முடியாமப் போச்சு.

அக்கா: இப்படிச் சேர்த்து எடுத்துக்கறதுக்குக் கம்பெனியில விடுவாங்களா?

தம்பி: விட மாட்டாங்க. அந்த மாதிரி வர்றதை மெஷின்ல போட்டு நொறுக்கிடணும். உன் லேப்டாப் அடியில இருக்கிற நம்பரை, நொறுக்கியாச்சுன்னு பதிஞ்சது நான்தான். நீ அதைச் சமையல் மேடையில வச்சு, வெளிச்சம் பார்த்து, அழகா போட்டோ எடுத்துப் போட்டிருக்க.

அக்கா: ஐயோ... தெரிஞ்சா என்னடா ஆகும்?

தம்பி: வேலை போகும். போறதோட விட்டாலும் பரவாயில்ல, திரு... சீ, வாயில கூட வரல... திருடன்னு பேர் வந்துட்டா இந்தத் தொழில்ல எவனும் என்னை வாசல்ல சேர்க்க மாட்டான். இத்தனைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட நான் வித்ததில்லக்கா. இது ஒண்ணுதான். உனக்காகத்தான்.

அக்கா: உனக்காக உனக்காகன்னு சொல்லாதடா. கேக்க முடியல.

தம்பி: உன் கால்ல விழறேன். இப்பவே என் கண்ணு முன்னாடி அதை அழிச்சிடு.

அக்கா: எந்திரி. எந்திரின்னு சொல்றேன்ல.

தம்பி: அழிக்கிறியா?

அக்கா: அழிச்சாச்சு.

தம்பி: எப்போ?

அக்கா: இன்னிக்குக் காலையிலேயே.

தம்பி: நான் கேக்கறதுக்கு முன்னாடியேவா? அப்புறம் ஏன்கா இவ்வளவு நேரம் என்னைத் தவிக்க விட்ட? அப்பாடா... இனிமே என்னை யாரும்... ஏன்கா அப்படிப் பாக்கற? ஏன் அழிச்ச?

அக்கா: உங்க கம்பெனிலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணினார். அவ்வளவு மரியாதையாப் பேசினார். உங்க மனக்குறையைத் தீர்த்து வைக்கிறோம்மா, எழுதினதை எடுத்துடுங்கன்னார், எடுத்துட்டேன். இதை எங்க வாங்கினீங்கன்னு கேட்டார். நான் பெருமையாச் சொல்லிட்டேன்டா... என் தம்பி உங்க கம்பெனியிலதான் இருக்கான், அவன்தான் புதுசா வாங்கிக் குடுத்தான், அவன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு. உடனே உன் பேரைக் கேட்டார். அவருக்குச் சரியாக் காதுல விழலைன்னு, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வாசல்படி ஏறி வருகிறவர்கள் நல்ல சேதியோடு வரட்டும். கூடப் பிறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசுகிற வீடாக உங்கள் வீடு என்றைக்கும் குளிர்ந்திருக்கட்டும்.